கொல்லிமலையின் ஈவ்லின் பாட்டி: வேதக்காரர் ஒருவரின் வாழ்வும் நமக்கான பாடமும்

கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறுவது, ஆகாய கங்கை அருவிக்கு இறங்குவது, திரும்பும்போது மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொள்வது என்று ஒரு நாளில் முடிந்துவிடும் பயணம் அது. அந்த மலையில் வாழவந்தி என்ற இடத்தில் ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவர் ஜெஸ்ஸி மான் பிராண்ட் 1929-இல் இறந்தார். மனைவி ஈவ்லின் பிராண்ட் 45 ஆண்டுகள் கழித்து, 1974-இல் இறந்தார். இருவரும் இங்கிலாந்தில் பிறந்த கிறிஸ்தவர்கள். ஈவ்லினை உலகம் பிராண்ட் பாட்டி என்று அறியும்.

ஒரு கிறிஸ்தவ மிஷனரிப் பெண்ணின் வாழ்க்கையை ஏன் இங்கே எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இங்கே எழுதுவதற்கு அந்த ஒரு போதனையே போதும். அதோடு, வேதக்காரர்களைப் பற்றி நம் பிள்ளைகள் என்ன நினைத்து வளர்கிறார்கள் என்ற கேள்வியும் இன்று நம் வீடுகளுக்குள் வந்து நிற்கிறது.

ஓவியம் கற்ற செல்வந்தர் வீட்டுப் பெண்

ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879-இல் பிறந்தவர். லண்டனில் வசதியான குடும்பம். ஓவியம் கற்றார். நல்ல ஆடைகள், வீட்டில் வேலையாட்கள் என எதற்கும் குறைவில்லாத வாழ்க்கை. இந்தியாவுக்குப் போகிறேன் என்று மகள் சொன்னபோது தந்தைக்கு அதை எளிதில் ஏற்க முடியவில்லை. ஆனாலும் மகளின் உறுதியே வென்றது. 1910-களின் தொடக்கத்தில் அவர் சென்னை வந்து சேர்ந்தார்.

ஜெஸ்ஸி பிராண்ட் அதற்கு முன்பே, 1907-இல், இந்தியா வந்தவர். கட்டடத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் உள்ள லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களைப் பற்றிப் படித்திருந்தார். முழுமையான மருத்துவர் அல்ல. ஆனால் காயத்துக்குக் கட்டுப்போடவும், பல் பிடுங்கவும், காய்ச்சலுக்கு மருந்து தரவும் தெரிந்தவர்.

1913 ஆகஸ்டில் மலையடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்றே மலை ஏறினார்கள். சாலை கிடையாது, காட்டுப் பாதைதான். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. திருமண உடை சேற்றில் நனைந்து கந்தலாகும் நிலையில்தான் புதுமணப்பெண் தன் வீட்டை அடைந்தார். கரையான் ஏறாதபடி தூண்களின் மேல் உயர்த்தி ஜெஸ்ஸி கட்டியிருந்த மரவீடு அது.

ஒரு தாயின் பத்து ஆண்டுகள்

அன்றைய கொல்லிமலை இன்றைய சுற்றுலாத் தலம் அல்ல. மலேரியாவுக்குப் பயந்து சமவெளி மக்கள் அங்கே தங்கவே அஞ்சினார்கள். சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு (கேரள மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு) மருத்துவமனையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. கடன் கொடுத்தவர்களிடம் சிக்கித் தவித்த குடும்பங்களும் இருந்தன.

இந்த மக்களுக்கு இடையில்தான் அந்தத் தம்பதி குடியேறினார்கள். ஜெஸ்ஸி நோயாளிகளைப் பார்த்தார், தச்சு வேலையும் செங்கல் அறுப்பதும் கற்றுக் கொடுத்தார், புதிய பயிர்களை அறிமுகப்படுத்தினார், பள்ளிகளைத் தொடங்கினார், ஏழைகளைச் சுரண்டியவர்களோடு வாதாடினார். ஈவ்லின் அவருக்குத் துணையாக ஊர் ஊராக நடந்தார்.

அக்காலத்தில் மலை மக்களைப் பெரிதும் வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. அசுத்தமான குளத்து நீரையும் படிக்கிணற்று நீரையும் குடிப்பதால் உடலுக்குள் நுழையும் புழு, ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, பெரும்பாலும் காலில் கொப்புளமாக வெடித்து வெளியே வரும். அதை இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும். ஒரு சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாட்கணக்கில் பொறுமையாக வெளியே எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் வலி தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் புழுவின் குஞ்சுகள் அந்த நீரில் கலந்து அடுத்தவருக்கும் நோய் பரவும். அதனால் கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டுங்கள், நீருக்குள் கால் வைக்காதீர்கள் என்று இந்தத் தம்பதி ஊர் ஊராகச் சொல்லி வந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2000-இல்தான் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

1914 ஜூலை 17 அன்று அவர்களுக்கு பால் பிறந்தார். அடுத்து கானி என்ற மகள். ஈவ்லின்தான் பிள்ளைகளுக்கு ஆசிரியை. மரம் ஏறுவதில் ஆர்வமுள்ள பாலை அவர் தடுக்கவில்லை. மரக்கிளையில் உட்கார்ந்து பாடம் எழுதி, முடித்ததும் தாளைக் கீழே போடச் சொல்லித் திருத்திக் கொடுத்தார்! 1923-இல் படிப்புக்காக இரு பிள்ளைகளையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டி வந்தது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்த தாய்மார்கள் நம் ஊர்களில் ஏராளம். அந்த வேதனையை அவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எதிர்த்தவரின் பிள்ளைகள்

மலைக்கு வந்த முதல் ஆண்டுகளில் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் எதிர்பார்த்தபடி மக்கள் அவர்கள் மதத்தில் சேரவில்லை. ஊர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். மருந்துக்கு வரும் மக்கள் வழிபாட்டுக்கு வர அஞ்சினார்கள்.

1918-19-இல் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை. அந்தப் பூசாரியும் படுத்த படுக்கையானார். தொற்றுக்குப் பயந்து மற்றவர்கள் விலகிய நேரத்தில், அவர் எதிரியாக நினைத்த அந்தத் தம்பதிதான் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். மரணம் நெருங்கியபோது தன் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு அவர் கண்மூடினார். பூசாரியின் பெண்குழந்தை அவர்கள் வீட்டில் வளர்ந்தாள்.

அநாதைகளை அரவணைப்பது பற்றி நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பது நமக்குத் தெரியும். அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தமக்கு அருகில் இருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டிச் சொன்ன ஹதீஸை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். தன்னை எதிர்த்தவரின் பிள்ளையை அரவணைத்த ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்கும்போது, நம் தெருவில் உள்ள அநாதைப் பிள்ளை நமக்கு நினைவுக்கு வர வேண்டும்.

50 வயதில் விதவை

1929 ஜூன் மாதம். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப் போகும் கொடிய காய்ச்சல் ஜெஸ்ஸியைத் தாக்கியது. 44 வயதைத் தாண்டாமலே அவர் இறந்துபோனார். மலை மக்கள் அவரை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். இங்கிலாந்தில் இருந்த 14 வயது பாலுக்குத் தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. தந்தை உயிரோடு இருந்தபோது அவனுக்கு எழுதிய கடிதம், கப்பல் வழியாக, அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

ஈவ்லின் சிறிது காலம் இங்கிலாந்து சென்றார். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார். பிறகு மிஷன் அவரைச் சமவெளியில் பணியாற்ற வைத்தது. ஆண்டுகள் ஓடின. 1947-இல் அவருக்கு 68 வயது ஆனபோது, வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்று மிஷன் சொன்னது. இன்னும் ஓர் ஆண்டு மட்டும் என்று கேட்டு வாங்கினார். அந்த ஓர் ஆண்டும் முடிந்ததும் மிஷன் பணியிலிருந்து விலகி, தனி ஆளாக மீண்டும் மலை ஏறிவிட்டார்!

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை உள்ளிட்ட ஐந்து மலைகளுக்கும் போக வேண்டும் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட கனவு. கணவர் இல்லாமல் அதை நிறைவேற்றப் புறப்பட்டார் ஈவ்லின். மட்டக்குதிரையில் ஏறிப் பாறைப் பாதைகளில் பயணம் செய்தார். பலமுறை கீழே விழுந்தார். எலும்புகள் முறிந்தன. இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். மகன் பால் வேலூரில் பெரிய மருத்துவராக இருந்தார். அவர் எவ்வளவோ சொல்லியும் தாய் இறங்கி வரவில்லை. 90 வயதைக் கடந்து குதிரையிலும் உட்கார முடியாமல் போனபோது, மலை ஊர் ஆண்கள் அவரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

மலையில் வாழ்ந்த நீண்ட காலத்தில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் லண்டனில் நாகரிக உடையில் வலம் வந்த பெண்ணின் முகம் வெயிலிலும் காய்ச்சலிலும் சுருங்கிப்போயிருந்தது. அந்த முகத்தைத்தான் மலை மக்கள் தங்கள் பாட்டியின் முகமாக அறிந்திருந்தார்கள்.

வேலூருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

பால் சிறுவனாக இருந்தபோது தொழுநோயாளிகள் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, தந்தை அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டியதைப் பால் பார்த்தார். பின்னாளில் அவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி உதிர்வதில்லை, வலி உணர்வு போய்விடுவதால் காயங்களைக் கவனிக்காமல் விடுவதே காரணம் என்பதை அவருடைய ஆய்வுகள் நிறுவின. மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் மீண்டும் இயங்கச் செய்தார். 2003-இல் இறந்தார்.

அந்த மருத்துவமனையின் தொடக்கக் கதையில் ஒரு முஸ்லிமும் இருக்கிறார். அதை நிறுவிய ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தன் தந்தையின் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றச் சொல்லி அழைத்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவரும் இந்து. ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1900-இல் வேலூரில் அவர் தொடங்கிய பணியே இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் அந்த மருத்துவமனையின் வாசலை மிதிக்காதவர்கள் எத்தனை பேர்?

நம் மார்க்கம் காட்டும் அளவுகோல்

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஈவ்லின் மலைக்கு வந்ததே தன் மதத்தைப் பரப்பத்தான். அவர் அதை ஒளிக்கவில்லை. ஈஸா (அலை) அவர்களை இறைமகன் என்று அவர் நம்பினார். நாம் அவர்களை அல்லாஹ்வின் அடியாராகவும் தூதராகவும் நம்புகிறோம். திரித்துவத்தையும் சிலுவை மரணத்தையும் நாம் ஏற்பதில்லை. இந்த வேறுபாடு சிறியது அல்ல. மரியாதை என்ற பெயரில் அதைப் பூசி மெழுகவும் தேவையில்லை.

அதே சமயம் நம்மையும் அவர்களையும் இணைக்கும் நம்பிக்கைகளும் சிறியவை அல்ல. படைத்த இறைவன் ஒருவன் இருக்கிறான், அவன் தூதர்களை அனுப்பினான், வேதங்களை அருளினான், மறுமையில் எல்லோரும் எழுப்பப்பட்டுக் கேள்வி கேட்கப்படுவோம் என்று யூதர்களும் கிறிஸ்தவர்களும் நாமும் நம்புகிறோம். இப்ராஹீம், மூஸா, தாவூத், சுலைமான் (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகியோரின் பெயர்கள் மூன்று சமுதாயத்தாரின் வீடுகளிலும் வழங்குகின்றன. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம் (அலை). அவர்கள் பெயரிலேயே 19-ஆம் அத்தியாயம் இருக்கிறது. தவ்ராத்தையும் ஸபூரையும் இன்ஜீலையும் அருளியவன் அல்லாஹ் என்று நம்புவது நம் ஈமானின் ஒரு பகுதி.

குர்ஆன் வேதக்காரர்களைப் பொதுவாக ஒரே தட்டில் வைக்கவில்லை. அவர்கள் எல்லோரும் சமமானவர்கள் அல்லர் என்று ஆலு இம்ரான் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவர்களோடு அழகிய முறையில் அன்றி விவாதிக்க வேண்டாம் என்று அன்கபூத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. கிறிஸ்தவர்களில் பெருமையடிக்காத துறவிகளும் அறிஞர்களும் இருப்பதால் அவர்கள் நேசத்தில் முஃமின்களுக்கு நெருக்கமானவர்கள் என்று மாயிதா அத்தியாயம் எடுத்துக்காட்டுகிறது. கண்ணாடி பார்க்காமல், மூங்கில் கம்பு ஊன்றி நடந்த ஒரு முதியவரின் எளிமையைப் படிக்கும்போது அந்த இடம் நினைவுக்கு வராமல் போகாது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வையும் பாருங்கள். மக்காவில் கொடுமை தாங்க முடியாதபோது தம் தோழர்களை அவர்கள் அனுப்பி வைத்தது அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம். ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டியபோது அந்த மன்னர் கண்ணீர் விட்டார். நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனா வந்தபோது பெருமானார் அவர்களைத் தம் பள்ளிவாசலிலேயே வரவேற்றார்கள். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றார்கள். இறந்தவர் யூதர் ஆயிற்றே என்று தோழர்கள் சொன்னபோது, அவரும் ஓர் உயிர்தானே என்ற பொருளில் பதில் கேள்வி கேட்டார்கள். யூத வம்சத்தில் பிறந்த அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை அதைச் சொல்லிச் சிலர் குத்திக்காட்டியபோது, ஹாரூன் (அலை) அவர்களையும் மூஸா (அலை) அவர்களையும் தம் முன்னோராகச் சொல்லிப் பெருமைப்படும்படி ஆறுதல் கூறினார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் வெறுப்பு

இன்று நம் குடும்பக் குழுக்களில் என்ன நடக்கிறது? ஃபலஸ்தீனக் குழந்தைகளின் படங்களைப் பார்த்து நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்க வேண்டும்தான். அநியாயத்தை எதிர்ப்பது நம் கடமை. ஆனால் அந்தக் கோபம் ஓர் அரசையும் அதன் செயலையும் தாண்டி, உலகில் உள்ள எல்லா யூதர்கள் மீதும், சில சமயம் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் மீதும் பாய்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று குர்ஆன் எச்சரித்திருப்பது இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான். சிலர் செய்த குற்றத்துக்காக ஒரு சமுதாயம் முழுவதையும் சந்தேகிப்பது எவ்வளவு வலிக்கும் என்பது இந்தியாவில் நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? வாடகைக்கு வீடு தேடிப் போய், பெயரைச் சொன்னதும் கதவு மூடப்பட்ட அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

வேறு விதமான உதாரணங்களும் நம் நாட்டில் உண்டு. கொல்கத்தாவில் யூதர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களுடைய வழிபாட்டு இல்லங்களைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம் ஊழியர்கள். அங்குள்ள யூதப் பெண்கள் பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகள்.

துணியில் சுற்றி மண்ணுக்குள்

1974 டிசம்பர் 18 அன்று, 95 வயதில் ஈவ்லின் பாட்டி இறந்தார். தன் உடலைச் சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் வைக்க வேண்டும், அது மண்ணோடு மண்ணாகிப் புதிய உயிர்களுக்கு உரமாக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே வாழவந்தியில், கணவரின் அருகில் அடக்கம் செய்தார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்கு நம் கஃபன் நினைவுக்கு வரும். செல்வந்தராக இருந்தாலும் ஏழையாக இருந்தாலும் தைக்காத வெள்ளைத் துணியில்தான் நாம் போகிறோம். அந்தப் பெண்ணின் இறுதித் தீர்ப்பு அல்லாஹ்விடம் இருக்கிறது. அது நம் வேலை அல்ல. நம்மிடம் கேட்கப்படப்போவது வேறு: நம் பக்கத்தில் காய்ச்சலில் கிடந்தவரை, அவர் யாராக இருந்தாலும், போய்ப் பார்த்தோமா? நம்மை எதிர்த்தவரின் பிள்ளை பசித்தபோது சோறு கொடுத்தோமா?

அடுத்த முறை கொல்லிமலைக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் அகீதா எது, அவர்களுடையது எது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வேறுபாட்டைத் தெளிவாக அறிந்த பிள்ளைதான் பயமில்லாமல் பக்கத்து வீட்டாரை மதிக்கும்.

நன்மையில் பிறரை முந்திக்கொள்ளும் சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.